பகலொளியை அறிய ஒரு துறை போதாது

சூரியனிடமிருந்து நேராகவும் வானத்திலிருந்து சிதறியும் நிலத்தை வந்தடையும் ஒளி முழுவதும் பகலொளி எனப்படுகிறது. கட்டிடக் கலைஞர் சாளரத்தின் அளவையும், பொறியாளர் மேசைமீது விழும் வெளிச்சத்தையும், மருத்துவர் நோயாளியின் உறக்கத்தையும் கொண்டு அதை ஆராய்ந்து, தத்தம் துறை இதழ்களிலேயே முடிவுகளை வெளியிட்டு வந்ததால், ஒருவர் கண்டது மற்றவருக்கு எளிதில் எட்டவில்லை.

இந்தப் பிரிவின் வேர் அளவையிலேயே இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸ், பகல்நேரப் பார்வையில் மனிதக் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பசுமஞ்சள் ஒளியையே மிகுதியாக உணர்கிறது என்று காட்டும் வளைகோட்டை அடிப்படையாகக் கொண்டது. அந்த வளைகோட்டைப் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1924இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் இக்னேசியோ புரோவென்சியோவும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் தவளையின் தோல் செல்களில் மெலனாப்சின் என்னும் ஒளியுணர் புரதத்தைக் கண்டறிந்து, அது மனித விழித்திரையிலும் இருப்பதை 2000இல் காட்டினர். குச்சி செல்கள், கூம்பு செல்கள் ஆகியவற்றின் உதவியின்றித் தாமே ஒளியை உணரும் நரம்பு செல்கள் எலியின் விழித்திரையில் இருப்பதை 2002இல் டேவிட் பெர்சன் குழுவினர் நிறுவினர். மெலனாப்சினைக் கொண்ட இச்செல்கள், உறக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்தும் மூளையின் உயிர்க் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அவை 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கே மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. ஆகவே லக்ஸ் அளவில் சமமான இரு விளக்குகள் உடலில் ஒரே விளைவை உண்டாக்க வேண்டியதில்லை.

பொறியாளரும் உயிரியலாளரும் ஒரே அளவையில் பேசுவதற்கான தரநிலையை அதே ஆணையம் 2018இல் வெளியிட்டது. ஓர் ஒளி மெலனாப்சினை எவ்வளவு தூண்டுகிறதோ, அதே அளவு தூண்டுவதற்கு எத்தனை லக்ஸ் பகலொளி தேவைப்படும் என்று அது கணக்கிடுகிறது. 2019இல் மான்செஸ்டரில் கூடிய பல துறை அறிஞர்கள் இந்த அளவையைக் கொண்டு வகுத்த பரிந்துரைகள், எவரும் கட்டணமின்றிப் படிக்கத்தக்க 'பிளாஸ் பயாலஜி' இதழில் 2022இல் வெளிவந்தன. பகலில் கண் மட்டத்தில் குறைந்தது 250 லக்ஸ், உறங்குவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் அதிகபட்சம் 10 லக்ஸ், உறங்கும் இடத்தில் அதிகபட்சம் 1 லக்ஸ் என்பவை அவற்றின் சாரம்.

இவ்வகை உடன்பாடு தொடர்ந்து வளர, ஆய்வுகளை எழுதும் முறையும் மாற வேண்டும். மேசைமட்ட லக்ஸை மட்டும் குறிப்பிடும் கட்டுரை, கண்ணுக்குள் சென்ற ஒளியைத் தேடும் உடலியலாளருக்குப் பயன்படாது. உறக்கத்தை நுணுக்கமாகப் பதிவுசெய்து, சாளரம் எத்திசை நோக்கியது என்பதைக் கூறாத கட்டுரை, கட்டிடக் கலைஞருக்கு உதவாது. ஒளியின் நிறமாலை, கண் மட்ட அளவு, நேரம், கால நீளம், பங்கேற்றோரின் வயது ஆகியவற்றையும் மூலத் தரவுகளையும் சேர்த்து வெளியிட்டால்தான் ஒரு துறையின் உழைப்பு மறு துறையின் தொடக்கமாக அமையும். இன்று கட்டப்படும் பள்ளியும் மருத்துவமனையும் பல பத்தாண்டுகள் நிலைத்திருக்கும் என்பதால், அவற்றின் சாளரங்களை வரைபவரும் அங்கு வாழ்வோரின் உடல்நலத்தை ஆராய்பவரும் வரைவு நிலையிலேயே கலந்து முடிவெடுப்பது மிக இன்றியமையாதது.