மீன்தொட்டிக்குள் ஒரு சோடா போத்தல்

மாணவர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை எண்ணிப் பாருங்கள். வீட்டுக் கூடத்தில் நீங்கள் ஆசையாக வளர்க்கும் மீன்தொட்டி. செடிகள் செழிக்கட்டும் என்று அதற்குக் கரிவளி, அதாவது கார்பன் டை ஆக்சைடு பாய்ச்சுகிறீர்கள். நேற்றிரவு அதை மூட மறந்துவிட்டீர்கள். இப்போது மீன்களெல்லாம் நீரின் மேற்பரப்புக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

பதறிப்போய் நீரைச் சோதிக்கிறீர்கள். வழக்கமாக 7.3 காட்டும் பிஎச் அளவு 6.0 ஆகிவிட்டது. “காடித்தன்மை கூடிவிட்டது!” என்று அடுப்படிக்கு ஓடி, ஆப்பச்சோடாவை எடுத்து நீரில் கலக்குகிறீர்கள். பிஎச் 6.6க்கு ஏறுகிறது. ஆனால், மீன்கள் இன்னும் மேலேதான் நிற்கின்றன.

எண் சரியாகிவிட்டது, மீன்கள் சரியாகவில்லை. ஏன்?

செடிக்கு உணவு, நீருக்குக் காடி

ஒளிச்சேர்க்கைக்குக் கரிவளி தேவை என்பது உங்களுக்குத் தெரியும். நிலத்துச் செடிகள் அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. காற்றுபட நிற்கும் நீரிலோ, லிட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம் கரிவளிதான் கரைந்திருக்கும். அதனால்தான் தொட்டிக்குள் தோட்டம் அமைப்பவர்கள் கூடுதலாகக் கரிவளி செலுத்தி, அதை 20 முதல் 30 மில்லிகிராம் வரை உயர்த்துகிறார்கள். அப்போது செடிகள் வேகமாக வளரும். நல்ல வெளிச்சத்தில் இலை நுனிகளில் உயிர்வளிக் குமிழிகள் முத்து முத்தாகத் திரள்வதையும் காணலாம்.

ஆனால், நீரில் கரையும் கரிவளியில் ஒரு பகுதி நீரோடு சேர்ந்து கார்பானிக் காடியாகிறது. சோடா பானத்தில் நாவைச் சுண்டும் புளிப்பு இதனால் வருவதுதான். அந்தக் காடி ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடுகிறது, பிஎச் இறங்குகிறது. பிஎச் ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு கூடிவிட்டன என்று பொருள்.

காடியைத் தாங்கும் மெத்தை

எல்லாத் தொட்டியிலும் பிஎச் ஒரே அளவுக்கு இறங்குவதில்லை. நீரில் ஏற்கெனவே கரைந்துள்ள பைகார்பனேட், ஒரு மெத்தையைப் போலக் காடியின் வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. இதைக் கார்பனேட் கடினத்தன்மை என்பார்கள். மீன்தொட்டிக் கடைகளில் கேஎச் என்ற பெயரில் இதற்கான சோதனைப் பெட்டி கிடைக்கும்.

இந்த மூன்றையும் இணைக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. 7லிருந்து உங்கள் தொட்டியின் பிஎச்சைக் கழியுங்கள். விடையைப் பத்தின் அடுக்காக எடுத்து, அதைக் கேஎச்சாலும் மூன்றாலும் பெருக்குங்கள். ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் கரிவளி என்பது கிடைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைத் தொட்டிக்கே கணக்குப் போடுவோம். கேஎச் 2, பிஎச் 6.0. அப்படியானால் 3 × 2 × 10 = 60 மில்லிகிராம் கரிவளி. இது விரும்பும் அளவைப்போல் இரண்டு மடங்கு. ஆப்பச்சோடா என்பது சோடியம் பைகார்பனேட். அதைக் கலந்ததும் கேஎச் 8 ஆகிறது, பிஎச் 6.6க்கு ஏறுகிறது. மீண்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 × 8 × 2.5 = 60. கரிவளி ஒரு துளியும் குறையவில்லை! மெத்தையைத் தடிமனாக்கினீர்கள், பாரத்தை இறக்கவில்லை.

மீனைத் திணறடிப்பது எது?

நாம் நுரையீரலால் வெளிவிடும் கரிவளியை மீன்கள் செவுள்கள் வழியே நீரில் விடுகின்றன. இரத்தத்தில் கரிவளி அதிகமாகவும் நீரில் குறைவாகவும் இருந்தால்தான் அது எளிதாக வெளியேறும். நீரிலேயே கரிவளி மிகுந்துவிட்டால், மீனின் உடலில் அது தேங்கி இரத்தத்தின் பிஎச்சைக் குறைக்கிறது. இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனும் குன்றுகிறது. இதனால்தான் திணறல்.

நம் நாட்டில் பாயா கம்புட் எனப்படும் கரிச்சதுப்புக் காடுகளில், தேநீர் நிறத்தில் தேங்கும் நீரின் பிஎச் சுமார் 4 இருக்கும். அங்கேயும் சண்டை மீன் இனங்கள் நலமாக வாழ்கின்றன. ஆக, குறைந்த பிஎச்சுக்குப் பழகிய மீன்கள் உண்டு. ஆனால், ஓரிரவில் பல மடங்கு கூடும் கரிவளியை எந்த மீனாலும் எளிதில் தாங்க முடியாது.

நீங்களே செய்து பாருங்கள்

ஆசிரியரின் துணையோடு பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்யலாம். இரண்டு முகவைகளில் சம அளவு குழாய்நீர் எடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி ஆப்பச்சோடாவைக் கரையுங்கள். இரண்டிலும் புரோமோதைமால் புளூ காட்டியைச் சில சொட்டுகள் விடுங்கள். பிறகு உறிஞ்சுகுழல் வழியாக இரண்டிலும் ஒரே நேர அளவுக்கு ஊதுங்கள். தவறியும் உறிஞ்சிவிடாதீர்கள்!

வெறும் நீர் மஞ்சளாகும். ஆப்பச்சோடா கலந்த நீர் நீலமாகவே இருக்கும். இரண்டிலும் சென்றது ஒரே மூச்சு, ஒரே கரிவளி. நிறம்தான் வேறு.

தொட்டியில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் கேஎச்சை அளந்துகொள்ளுங்கள். 30 மில்லிகிராம் கரிவளி இருக்கையில், கேஎச் 2 உள்ள நீரில் பிஎச் 6.3 காட்டும். கேஎச் 4 என்றால் 6.6, கேஎச் 8 என்றால் 6.9. எனவே, நண்பரின் தொட்டியில் உள்ள பிஎச்சை உங்கள் தொட்டியில் எட்ட முயலாதீர்கள்.

கரிவளியைக் குறைவாகத் தொடங்கி, சில நாள்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். விளக்கு எரியுமுன் ஒரு மணி நேரத்திற்கு முன்பே அதைத் திறந்து, விளக்கு அணையும் முன் மூடிவிடுங்கள். இருளில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். செடிகளும் மீன்களைப் போலக் கரிவளியை வெளிவிடத் தொடங்கும். மறதிக்காரர்களுக்கு, நேரக்கருவியில் இயங்கும் மின்வால்வு கைகொடுக்கும்.

டிராப் செக்கர் என்ற சிறிய கண்ணாடிக் குமிழும் உதவும். கேஎச் 4 உள்ள கரைசலும் நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்திய அதே காட்டியும் அதற்குள் இருக்கும். நீலம் என்றால் கரிவளி குறைவு, பச்சை என்றால் போதுமானது, மஞ்சள் என்றால் அளவு மீறிவிட்டது. மரக்கட்டையிலிருந்து இறங்கும் மற்ற காடிகள் அந்தக் கரைசலைத் தொடாததால், தொட்டி நீரை வைத்துப் போடும் கணக்கைவிட இதை நம்பலாம். ஆனால், நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும். அதுவரை மீன்களைப் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் வேலை.

அலங்காரக் கற்களிலும் கவனம் தேவை. மழைநீரில் கலந்த கரிவளி, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் கரைத்துத்தான் பத்துமலைக் குகைகள் உருவாயின. அதே வேலை உங்கள் தொட்டியிலும் நடக்கும். சுண்ணாம்புக்கல் கரையக் கரைய கேஎச் ஏறும். உங்கள் கணக்கு மாறும். கல்லின் மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல்.

மீன்கள் மேலே வந்து திணறினால் உடனே கரிவளியை மூடுங்கள். காற்றுப் பம்பை முடுக்குங்கள், அல்லது வடிகட்டியின் நீர் மேற்பரப்பைக் கலக்கும்படி திருப்பிவையுங்கள். சோடா போத்தலைத் திறந்து குலுக்கினால் வாயு வெளியேறுவதுபோல், கலங்கும் நீரிலிருந்து கரிவளி வெளியேறும். உயிர்வளி உள்ளே வரும். குளோரின் நீக்கிய நீரால் தொட்டி நீரில் கால்பங்கை மாற்றுவதும் நல்லது.

அப்போது பிஎச் தானாகவே ஏறும். காய்ச்சல் கண்டவரிடமிருந்து வெப்பமானியை எடுத்துத் தண்ணீரில் குளிர்வித்தால் காய்ச்சல் தணியுமா? பிஎச் என்பதும் ஒரு வெப்பமானிதான். அடுத்த முறை அது இறங்கும்போது ஆப்பச்சோடாவைத் தேடி ஓடாதீர்கள். கரிவளியின் குழாயை மூடுங்கள்.