60 மில்லிமீட்டர் ஓட்டைக்கு ஓர் இடம்

ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஆல்ட்னஹாரா என்றொரு சிற்றூர். 1995 டிசம்பர் 30 அன்று அங்கே வெப்பநிலை மைனஸ் 27.2 டிகிரிக்கு இறங்கியது. பிரிட்டனில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். பிரேமர் என்ற ஊர் 1895-லும் 1982-லும் அதே அளவைத் தொட்டிருக்கிறது. ஆல்ட்னஹாரா இருக்கும் மலைநாட்டைச் சுற்றித்தான் ‘நார்த் கோஸ்ட் 500’ என்ற 830 கிலோமீட்டர் சுற்றுலாப் பாதை ஓடுகிறது. 2015-ல் அறிமுகமான நாளிலிருந்தே கேம்பர் வேன்காரர்களுக்குப் பிடித்த பாதை. எல்லா இரவும் அங்கே அப்படி உறைந்துபோவதில்லை என்றாலும், ஹீட்டர் இல்லாத வேனில் மே மாத விடியலில்கூடப் போர்வையை விட்டு வெளியே வர மனம் வராது.

பழைய சரக்கு வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி வைத்து நடமாடும் வீடாக மாற்றுகிறவர்கள் பிரிட்டனில் ஏராளம். ஹீட்டர் எந்தக் கம்பெனி, எத்தனை கிலோவாட் என்று அலசி ஆராய்ந்து வாங்குகிறார்கள். சூடான காற்று வெளியே வரும் ஓட்டை எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியோ பலருக்குக் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் அலமாரிகள் எல்லாம் அமர்ந்துவிடுகின்றன. மிச்சம் கிடக்கும் மூலையில் ஓட்டை விழுகிறது. பிறகு தலைமாட்டில் அனலும் கால்மாட்டில் பனியுமாக இரவு கழிகிறது.

இந்த வேன்களில் பெரும்பாலும் இருப்பது டீசல் ஹீட்டர். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. வேனின் டேங்கிலிருந்தே சிறு பம்ப் ஒன்று ‘டிக் டிக்’ என்று டீசலைச் சொட்டுச் சொட்டாக அனுப்புகிறது. உள்ளே தனி அறையில் அது எரிகிறது. எரிவதற்கு வேண்டிய காற்று வெளியிலிருந்து வருகிறது. புகையும் வெளியே போகிறது. வேனுக்குள் இருக்கும் காற்று அந்த நெருப்பைத் தொடுவதே இல்லை. சூடேறிய உலோகத் துடுப்புகளின் மேல் ஓடிவிட்டுத் திரும்புகிறது, அவ்வளவுதான். நடுத்தர வேனுக்கு 2 கிலோவாட் ஹீட்டர் தாராளம். இந்த வகையில் பெயர்பெற்ற வெபாஸ்டோவின் ஏர் டாப் 2000 முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்குக் கால் லிட்டர் டீசல்தான் குடிக்கும்.

அதே முழு வேகத்தில் அது மணிக்குச் சுமார் 90 கன மீட்டர் காற்றைத் தள்ளும். ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் வேனின் குட்டை வடிவத்தில் சரக்கு வைக்கும் பகுதி ஏறக்குறைய 6 கன மீட்டர். கணக்குப் போட்டால், அத்தனை காற்றும் நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஹீட்டருக்குள் போய்வருகிறது. ஆகவே காற்றை ஊதும் வாயின் இடத்தை மட்டும் தனியாக முடிவு செய்ய முடியாது. காற்றைத் திரும்ப உள்ளே இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஆட்கள் உட்காரும் இடம், படுக்கும் இடம் இரண்டும் வந்துவிட வேண்டும்.

இரண்டு வாய்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். பல ஹீட்டர்களில் வெப்பநிலையை அறியும் சென்சார் உள்ளே இழுக்கும் வாயை ஒட்டியே இருக்கிறது. தான் ஊதிய சூட்டைத் தானே இழுத்துக்கொள்ளும் ஹீட்டர், வேன் முழுக்கச் சூடாகிவிட்டது என்று நினைத்துத் தணிந்துவிடும். பின்னால் படுத்திருப்பவர் நடுங்கிக்கொண்டிருப்பார். இதற்காகவே தனி சென்சார் ஒன்றை வாங்கி, கட்டில் பக்கச் சுவரில் பொருத்துகிறார்கள். படுத்தால் தலை இருக்கும் உயரம் அதற்குத் தோது. ஜன்னலை ஒட்டியோ ஊதுவாய்க்கு எதிரிலோ வைத்தால் பழைய கதைதான்.

பிரிட்டிஷ் வேனின் அமைப்பை வைத்தே பார்க்கலாம். தள்ளுகதவு இடப்பக்கம். அதனால் சமையல் மேடையும் அலமாரியும் வலப்பக்கச் சுவரில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தொடங்குகின்றன. மடக்குக் கட்டில் பின்னால். ஹீட்டர் முன் இருக்கைக்கு அடியிலோ தரைக்குக் கீழேயோ இருக்கும். இருக்கைக்கு அடியில் என்றால், பின்பக்கம் பார்த்து ஊதும்படி வைத்துவிடலாம். குழாய் செலவே இல்லை. காற்று நடைபாதையில் தரையோடு தவழ்ந்து கட்டிலை நோக்கிப் போகும். ஆனால் அந்த ஹீட்டர் முன்பக்கத்திலிருந்துதான் காற்றை இழுக்கும். இரவில் ஓட்டுநர் பகுதிக்கும் படுக்கைக்கும் நடுவே கனமான திரையை இழுத்துவிட்டால், பெரிய கண்ணாடியை ஒட்டிக் குளிர்ந்த காற்றை இழுத்து இழுத்துச் சூடாக்கிக்கொண்டிருக்கும். திரையின் அடியில் நாலு விரற்கடை இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் இழுக்கும் வாயைக் குழாய் வைத்துத் திரைக்கு இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும்.

இன்னொரு வழி, சமையல் மேடையின் அடிப்பலகையில் ஊதுவாய். சூடான காற்று லேசானது, விட்டால் மேலேதான் போகும். அதனால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், கிடையாக ஊத வைப்பதே வழக்கம். கூரையைத் தூக்கிக்கொள்ளும் வேன்களில் இது இன்னும் முக்கியம். இல்லாவிட்டால் மேலே துணிக்கூடாரத்தில் படுத்த பிள்ளைக்கு வியர்க்கும். கீழே படுத்த பெற்றோர் இன்னொரு கம்பளி தேடுவார்கள்.

ஹீட்டரிலிருந்து ஊதுவாய்க்குப் போகும் குழாய் நீண்டுகொண்டே போனால் சூடு வழியிலேயே தொலையும். பழைய ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன்களில் இதை எல்லோரும் பார்த்தார்கள். காற்றால் குளிரும் எஞ்சின் பின்னால். புகைக்குழாயின் சூட்டை வாங்கிய காற்று தரைக்குக் கீழே வேனின் முழு நீளமும் வந்து முன்னிருக்கைக்காரரின் காலை அடையும்போது வெதுவெதுப்புகூட மிஞ்சாது. எஞ்சினை நிறுத்தினால் அதுவும் போச்சு. அதனால்தான் குளிர்நாடுகளில் அந்த வேன்களுக்கு எபர்ஸ்பேச்சரின் பெட்ரோல் ஹீட்டரைத் தனியாக வாங்கிப் பொருத்தினார்கள். 1865-ல் தொடங்கிய எபர்ஸ்பேச்சர், 1901-ல் தொடங்கிய வெபாஸ்டோ இரண்டுமே ஜெர்மனியின் எஸ்லிங்கன் என்ற ஒரே ஊரில் பிறந்தவை.

நீளத்தைப் போலவே வளைவும் எதிரி. 2 கிலோவாட் ஹீட்டருக்கு 60 மில்லிமீட்டர் குழாய் போதும். ஆனால் ஒவ்வொரு திருப்பமும் காற்றை நெரிக்கும். எபர்ஸ்பேச்சரின் பொருத்தும் கையேடுகள் குழாய், வளைவு, கிளை, வலை என ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் தருகின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் அந்த ஹீட்டருக்கு உரிய வரம்புக்குள் நிற்க வேண்டும். வரம்பு மீறினால் சூடு வெளியேற வழியின்றி ஹீட்டர் தானாக அணைந்துவிடும். கிளை பிரித்துத் தண்ணீர்த் தொட்டிக்கும் பேட்டரிக்கும் கொஞ்சம் சூடு அனுப்புவது நல்லதுதான். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. ஆனால் எத்தனை கிளை பிரித்தாலும், மூடவே முடியாத வாய் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. வாயருகே காற்று 100 டிகிரியைத் தாண்டக்கூடும். திரை, மெத்தை, நாய் படுக்கும் மூலை, தவழும் குழந்தையின் கை எட்டும் இடம் எல்லாம் ஆகாது. ஃப்ரிட்ஜ் சூட்டை வெளியே விடும் ஜாலிக்கு எதிரில் வைத்தால், இரண்டு கருவிகளும் இரவெல்லாம் மல்லுக்கட்டும். கேஸ் சிலிண்டர் பெட்டிப் பக்கம் போகவே கூடாது. கீழே புகைக்குழாயின் முனை தள்ளுகதவுக்கோ ஜன்னலுக்கோ அடியில் வந்துவிடாமல் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று உள்ளே இருந்தாக வேண்டும். ஐரோப்பாவில் வேன்களுக்கும் படகுகளுக்கும் உரிய தரம் ஈஎன் 50291-2.

கட்டில், அலமாரி இடங்களைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, அட்டைப்பெட்டிகளை அங்கே அடுக்கி, ஹீட்டரைத் தற்காலிகக் குழாயோடு ஓடவிட்டுப் பார்க்கிறார்கள் கைதேர்ந்தவர்கள். டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றைக் கட்டில் ஓரத்தில் தொங்கவிட்டால் காற்று வந்து சேர்கிறதா என்பது தெரிந்துவிடும். தரையைத் துளைக்க வேண்டியிருந்தால் வேனுக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்ப்பார்கள்: பிரேக் குழாயும் டீசல் குழாயும் சட்டத்தின் இரும்பும் துளைக்கு நேர் கீழே இல்லை என்பது உறுதியான பிறகுதான் டிரில்லுக்கு வேலை. வெட்டிய தகட்டு விளிம்பில் அன்றைக்கே துருத்தடுப்புப் பெயின்ட் அடித்துவிடுவார்கள்.