ஏரியை மீட்ட வண்டு

எள்ளளவே உள்ள ஒரு வண்டினம் ஓர் ஏரியையே மீட்க முடியுமா? பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட சல்வீனியா, வேரூன்றாமல் நீரில் மிதந்து, ஒடிந்த சிறு துண்டிலிருந்தே புதுச் செடியாகிப் பெருகும் ஒரு பெரணி வகை. அது ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா நகரை அடுத்த மூண்டரா ஏரியில் நீரே தெரியாதபடி படர்ந்தபோது, களைக்கொல்லி தெளித்தும் பயனில்லாமற்போகவே, அதன் தாயகத்திலிருந்தே கூன்வண்டு, அதாவது நீண்டு வளைந்த மூக்குடைய வண்டு, வரவழைக்கப்பட்டு 1980-இல் அங்கு விடப்பட்டது. வளர்ந்த வண்டுகள் குருத்தைத் தின்ன, அவற்றின் புழுக்கள் தண்டைத் துளைக்க, மறு ஆண்டுக்குள்ளேயே அடர்ந்த களை பழுப்பேறி அழுகி நீரில் அமிழ்ந்தது. மருந்தால் ஆகாததைப் பூச்சி முடித்தது என்றே சொல்ல வேண்டும். சல்வீனியாவை நம்பியே வாழும் அவ்வண்டு, பின்னர் கேரளத்திலும் இலங்கையிலும் விடப்பட்டு, அங்கும் அக்களையைக் கட்டுப்படுத்தியது.