வீரனுக்கு எத்தனை மார்க்?

ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலிருந்து 1965-ம் ஆண்டு "விஜயந்தா" டாங்கி வெளிவந்தது.

டாங்கிக்கு மூன்று பலம் வேண்டும். சுடும் சக்தி, கவசம், வேகம். கவசத்தைத் தடிப்பாக்கினால் எடை கூடும். எடை கூடினால் வேகம் குறையும். மூன்றும் முழுசாகக் கிடைப்பது அரிது!

கற்பனை வீரர்களை வைத்து ஆடும் ஒரு விளையாட்டிலும் இதே கணக்குதான்.

மேஜையைச் சுற்றி ஒரு கதை

அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974-ம் ஆண்டு "டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்" என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரனாகவோ, மந்திரவாதியாகவோ கதைக்குள் நடப்பார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஆறு குணங்கள் உண்டு. பலம், சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், பிறரைக் கவரும் தன்மை. மூன்று பகடையை உருட்டி ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவார்கள். குறைந்தது 3, அதிகம் 18. இந்த 18 விழுவதற்கு 216-ல் ஒரு வாய்ப்புதான்!

நோஞ்சானும் பயில்வானும்

முதல் விதிகளில் ஒரு வேடிக்கை. பலம் 18 உள்ள பயில்வானும், 3 உள்ள நோஞ்சானும் ஒரே மாதிரிதான் அடித்தார்கள். அப்படியானால் மார்க் எதற்கு?

1975-ம் ஆண்டு விதியை மாற்றினார்கள். பலசாலியின் அடி பலமாக விழுந்தது. இப்போது வேறு வம்பு வந்தது. பகடை சரியாக விழாதவர் கதை முழுவதும் பின்தங்கினார்.

2000-ம் ஆண்டு ஒரு நடுவழி வந்தது. மார்க்கில் 10-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்க வேண்டும். 18 என்றால் 4 கூடும். 8 என்றால் 1 குறையும். இதை 20 முகப் பகடையில் விழும் எண்ணோடு சேர்ப்பார்கள்.

கதவை உடைக்க 15 வேண்டும் என்று வையுங்கள். பயில்வானுக்கு 20-க்கு 10 வாய்ப்பு. பலம் 8 உள்ளவனுக்கு 20-க்கு 5. குறைவுதான். ஆனாலும் வாய்ப்பு உண்டு!

எல்லோருக்கும் 27

2014-ம் ஆண்டு விதிகளில், பகடையே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஆறு குணமும் 8-ல் தொடங்கும். அவற்றை உயர்த்த எல்லோருக்கும் 27 புள்ளி. மூன்று குணத்தை 15 ஆக்கினால் புள்ளி தீர்ந்துவிடும். மற்ற மூன்றும் 8-லேயே நிற்கும். ஆவடி டாங்கிக் கணக்குதான்!

பரமபதத்தில் பாம்பா, ஏணியா என்பதைப் பகடையே முடிவு செய்யும். தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது என்று நாம் யோசிக்கலாம். இந்த விளையாட்டு தாயத்தின் கட்சி.

கதவை உடைக்கப் பலமில்லையா? காவல்காரனிடம் நயமாகப் பேசிச் சாவி வாங்கலாம். ஜன்னல் வழியாக ஏறலாம். மார்க் எது சுலபம், எது கஷ்டம் என்று மட்டும் சொல்லும். என்ன செய்வது என்பதை ஆடுகிறவர்தான் சொல்ல வேண்டும்.