பன்னீர்த் திராட்சையும் பார்பரெஸ்கோவின் துவர்ப்பும்

ஒரு பயிரின் குணம் விதையில் பாதி, விளையும் இடத்தில் பாதி என்பது உழவர் அனைவரும் அறிந்தது. ஈரோடு என்றதும் மஞ்சளும், பவானி என்றதும் ஜமக்காளமும் நினைவுக்கு வருகின்றன. ஊரின் பெயரே சரக்கின் மதிப்பாகிவிடுகிறது. இம்மதிப்பு எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு காக்கப்படுகிறது என்பதைத் திராட்சைக் கொடியைக் கொண்டு இம்மாதம் ஆராய்வோம். நமது பன்னீர்த் திராட்சையையும், இத்தாலியில் ஒரு கூட்டுறவுச் சங்கம் புகழ்பெறச் செய்த சிவப்புத் திராட்சை மதுவையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மது அருந்துமாறு எவருக்கும் நாம் பரிந்துரைக்க வரவில்லை. பழம், நிலம், சங்கம் ஆகிய மூன்றைப் பற்றியே பேச வந்தோம்.

நமது பன்னீர்

கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர், நரசீபுரம், மாதம்பட்டிப் பக்கங்களில், கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களின் மேல் படரும் கருநீலத் திராட்சை இது. தாவர நூலார் இதனை மஸ்கட் ஹாம்பர்க் என்பர். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான கலப்பினம். இதற்குப் பன்னீர் என்று பெயரிட்ட நம் மக்களின் மூக்கு பொய் சொல்லவில்லை. ரோஜாவுக்கு மணம் தரும் ஜெரானியால் என்னும் பொருள் இப்பழத்திலும் உண்டு.

குளிர்நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலம் முழுதும் இலையுதிர்த்து உறங்கும். நம் நாட்டில் அவ்வுறக்கம் இல்லை. கவாத்துச் செய்த நாள்தான் கொடிக்குப் புத்தாண்டு. மார்கழி, தை மாதங்களில் கவாத்துச் செய்தால் கோடையில் ஓர் அறுவடை. வைகாசி, ஆனி மாதங்களில் செய்தால் மழைப் பருவத்தில் மற்றோர் அறுவடை. இவ்விரண்டும் சேர்ந்து எக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் வரை, அதாவது ஏக்கருக்கு 12 டன் வரை விளையக்கூடும்.

இப்பெருவிளைச்சலுக்கு ஒரு குறையும் உண்டு. இரவுக் குளிர் மிகாத இடத்தில் பழத்தின் புளிப்பு விரைவில் குறைந்துவிடுகிறது. ஒரே கொத்தில் சில மணிகள் கறுத்தும் சில பச்சையாகவும் நிற்பது பன்னீருக்குள்ள பழங்குறை. பூக்கும் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் அடிச்சாம்பல் நோய் வேறு வந்து சேரும். ஆதலின் இனிப்பும் மணமும் நம் பழத்தின் சிறப்பு. அழுத்தமான துவர்ப்பை அதனிடம் எதிர்பார்த்தல் தகாது.

மூடுபனிக் குன்றுகள்

அத்துவர்ப்புக்குப் பெயர்பெற்ற ஊர் இத்தாலியின் வடமேற்கே, பீட்மாண்ட் பகுதியில் உள்ள பார்பரெஸ்கோ. தனாரோ ஆற்றங்கரையில், சுண்ணாம்பு கலந்த களிமண் குன்றுகளில் அமைந்த சிற்றூர் அது. அங்கு விளையும் திராட்சையின் பெயர் நெபியோலோ. மூடுபனியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். வசந்தத்தில் முன்னதாகவே துளிர்க்கும் அக்கொடி, பழுப்பதில் மற்றெல்லாவற்றுக்கும் பிந்தியது. அக்டோபரில் பனி இறங்கிய பின்னரே கொத்து அறுப்பர். ஆண்டுக்கு ஒரே அறுவடை.

நெடுநாள் வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறிப் படுவதால் புளிப்புக் குன்றாமலே பழம் முதிர்கிறது. தோலிலும் விதையிலும் துவர்ப்பு ஏறுகிறது. அறுசுவையுள் துவர்ப்பை நாம் பாக்கிலும் கடுக்காயிலும் அறிவோம். சர்க்கரை முழுதும் நொதித்துப்போன அம்மதுவில் முன்நிற்பது அச்சுவையே. நிறம் வெளிறியது. மணமோ ரோஜா, தார், உலர்ந்த மூலிகை ஆகியவற்றை ஒத்தது என்று சுவை வல்லார் கூறுவர். புதிதாக இருக்கும்போது நாவைப் பிடிக்கும் துவர்ப்பு, வைத்திருக்க வைத்திருக்க இணங்கும். ஆகவே 26 மாதங்களேனும் முதிர வைத்த பின்பே அது பார்பரெஸ்கோ என்னும் பெயருடன் வெளிவரலாம். எக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் விளைச்சல் எடுத்தலும் ஆகாது. நமது 30 டன்னோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்குக.

ஒன்பது பேரும் பத்தொன்பது பேரும்

இப்பெயர் இயற்கை மட்டும் தந்ததன்று. முற்காலத்தில் அவ்வூர்த் திராட்சை, பரோலோ என்னும் அயற்பகுதி மதுவுக்கென விலைபோயிற்று. ஊர்ப் பெயருக்கு இடமில்லை. ஆல்பா நகரத்து மதுக்கலைப் பள்ளித் தலைவர் தோமித்சியோ கவாட்சா 1894இல் ஒன்பது உழவரைச் சேர்த்துக் கூட்டுறவு மதுச்சாலை ஒன்று தொடங்கினார். பாசிச ஆட்சியில் அது மூடப்பட்டது. சிறு நிலக்காரர் ஊரைவிட்டுப் பிழைப்புத் தேடிச் செல்வதைக் கண்ட பங்குக் குரு ஃபியோரினோ மரெங்கோ, 1958இல் 19 குடும்பங்களைக் கொண்டு சங்கத்தை மீண்டும் நிறுவினார். முதல் மூன்று ஆண்டுகளின் மது தேவாலயத்தின் நிலவறையில் தயாராயிற்று. இன்று ஏறத்தாழ 50 குடும்பங்கள் அங்கத்தினர்.

அங்கத்தினர் தம் நெபியோலோ முழுவதையும் சங்கத்திற்கே அளிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. நல்ல கொத்தை வெளி வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு மீந்ததைச் சங்கத்தில் கொட்ட இயலாது. எடைக்கு மட்டுமன்றித் தரத்திற்கும் ஏற்ப விலை வழங்கப்படுகிறது. பருவம் பொய்த்த ஆண்டில், தனித்தனித் தோட்டப் பெயரிட்ட உயர்வகைப் புட்டிகளை வெளியிடாமலே நிறுத்திவிடுவர். வருமானம் குறையினும் பெயர் குறையலாகாது என்பதே அவர்கள் கணக்கு.

நமக்குரிய பாடம்

கம்பம் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. நமது கோவைக் கோரா சேலையும் பவானி ஜமக்காளமும் அக்குறியீடு பெற்றவையே. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குத் தனி மனிதர் விண்ணப்பிக்க இயலாது. உற்பத்தியாளரின் சங்கமோ அமைப்போதான் விண்ணப்பிக்கலாம். ஊரின் பெயர் ஊராரின் பொதுச் சொத்து என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆயினும் பெயர் பெறுதல் எளிது, காத்தல் அரிது. விசைத்தறியில் நெய்த போலிகள் ஜமக்காளத்தின் பெயரால் விற்பதை நெசவாளர் கண்டு வருந்துகின்றனர். பழத்துக்கும் அதே நிலை நேரும். மாம்பழம்போல் பறித்த பின் பழுப்பதன்று திராட்சை. விலை ஏறியிருக்கிறதென்று பத்து நாள் முந்திப் பறித்த புளித்த கொத்து, சந்தையில் அவ்வூர்ப் பழம் அனைத்தின் பெயரையும் கெடுக்கும். நஷ்டம் அயல் தோட்டக்காரருக்கும் சேர்ந்தே வரும்.

எனவே நம் சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று. சர்க்கரை அளவு காட்டும் சிறு கருவி ஒன்றைப் பொதுவில் வாங்கி, அளந்த பின்பே கொத்து அறுத்தல். முதல் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் வேறு விலை கொடுத்தல். தரம் குறைந்ததை ஊர்ப் பெயரில் அனுப்பாது, பழரசத்துக்கும் ஜாமுக்கும் திருப்பிவிடுதல். இம்மூன்றுக்கும் பெருமுதல் வேண்டா. அங்கத்தினரின் ஒற்றுமை வேண்டும். 19 குடும்பங்கள் ஒரு நிலவறையில் தொடங்கி நடத்திக் காட்டியதை, தறியிலும் தோட்டத்திலும் உழைத்துப் பழகிய நம் அங்கத்தினரும் செய்து காட்டுவர் என்பதில் நமக்கு ஐயமில்லை.