கண்வழியே அறியும் மண்டையழுத்தம்

விபத்தொன்றில் தலையில் அடிபட்டு நினைவிழந்த ஒருவர் சிறியதோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காயம் அதிகமில்லை. எனினும், மண்டையோட்டினுள் அழுத்தம் ஏறி வருகிறதா என்பதே அவருடைய உயிரை நிர்ணயிக்கக்கூடிய வினாவாகும். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பதை நினைவிற் கொண்டால், இவ்வினாவின் முக்கியத்துவம் நன்கு விளங்கும்.

மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி போன்றது. அதனுள் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. இவற்றுள் ஒன்று பெருகினால் மற்றவை குறைந்து இடங்கொடுக்க வேண்டும்; அதற்கு இயலாதபோது அழுத்தம் விரைந்து உயரும். ஸ்காட்லாந்து மருத்துவர்களான மன்றோ 1783-லும், கெல்லி 1824-லும் இத்தத்துவத்திற்கு அடிகோலினர். வயது வந்தோரிடம் படுத்த நிலையில் இவ்வழுத்தம் பொதுவாகப் பாதரச அளவில் 7 முதல் 15 மி.மீ. வரை இருக்கும். தலைக்காயமுற்றோரிடம் அது 22 மி.மீ.-க்கு மேற்பட்டால் சிகிச்சை தேவை என்று 2016-ல் வெளியான அமெரிக்க நெறிமுறைகள் கூறுகின்றன.

இவ்வழுத்தத்தைச் செம்மையாக அளக்க வேண்டுமெனில், மண்டையோட்டில் துளையிட்டு, மூளையின் உள்ளறைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்த வேண்டும். இதற்குத் தேர்ந்த அறுவை மருத்துவர் வேண்டும். இரத்தக் கசிவும் நோய்த்தொற்றும் நேரிடலாம். சி.டி. ஸ்கேன் எடுக்கவோ, அபாய நிலையிலுள்ள நோயாளியை இடம்மாற்ற வேண்டியிருக்கும்.

இந்நிலையில் உதவிக்கு வருவது கண் ஆகும். கண்ணிலிருந்து செல்லும் பார்வை நரம்பு, உண்மையில் மூளையின் நீட்சியே. மூளையைப் போர்த்தியுள்ள சவ்வுகளே இந்நரம்பையும் உறைபோலச் சூழ்ந்துள்ளன. உறைக்குள் அதே திரவம் உள்ளது. ஆகவே, மண்டைக்குள் அழுத்தம் மிகும்போது, திரவம் உந்தப்பட்டு, விழிக்குப் பின்னால் உறை உப்புகிறது. 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்நோக்கியை அமைத்தது முதல், நரம்பு முனையின் வீக்கத்தை மருத்துவர்கள் நேரில் காண இயன்றது. ஆயினும் அவ்வீக்கம் தோன்றப் பல மணி நேரமோ சில நாட்களோ ஆகலாம். உறையோ அதற்கு வெகு முன்னரே விரியத் தொடங்கிவிடுகிறது.

இவ்விரிவைக் காட்டுவது கேளா ஒலி அலைகளாகும். கண்ணை ஆராய இவ்வலைகளை 1956-லேயே அமெரிக்காவில் முண்ட், ஹியூஸ் ஆகியோர் உபயோகித்தனர். இன்று செய்யும் முறை எளிது. நோயாளியின் இமையை மூடி, அதன்மீது பசை தடவி, கருவியின் முனையை அழுத்தாமல் மெதுவாக வைக்கின்றனர். திரையில் விழிக்கோளம் கரிய வட்டமாகவும், நரம்பு அதன் பின்னே இருண்ட பட்டையாகவும் தெரியும். விழியின் பின்புறத்திலிருந்து 3 மி.மீ. தொலைவில் உறையின் குறுக்களவை இரு கண்களிலும் அளந்து சராசரி காண்கின்றனர். சில நிமிடங்களே ஆகும். இவ்வளவு 5 மி.மீ.-க்குக் குறைவாயின் பெரும்பாலும் இயல்பு, 6 மி.மீ.-ஐ நெருங்க நெருங்கச் சந்தேகம் வலுக்கிறது.

எனினும், இம்முறைக்கு எல்லைகள் உண்டு. அழுத்தம் இத்தனை என்று இது எண்ணால் கூறுவதில்லை. எல்லைக்கோடான அளவு ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி வேறுபடுகிறது. அரை மி.மீ. பிழையும் முடிவை மாற்றிவிடுமாதலால் பயிற்சி இன்றியமையாதது. பார்வை நரம்பின் அழற்சியாலும் உறை தடிக்கலாம். விழி கிழிந்திருக்குமோ என்ற ஐயமிருப்பின் இச்சோதனையைத் தவிர்க்க வேண்டும். கண்ணுக்குரிய குறைந்த ஒலிச்சக்தியையே பயன்படுத்துவதும் அவசியம். அளவு இயல்பாக இருப்பினும், நோயாளியின் நிலை மோசமானால் அதையே பெரிதாகக் கொள்ள வேண்டும்.

ஆகவே, இது குழாய்முறைக்கும் ஸ்கேனுக்கும் மாற்றாகாது. ஆனால், நகரம் தொலைவிலிருக்க, வாகனம் ஒன்றே இருக்க, இருவருள் எவரை முதலில் அனுப்புவது என்று தீர்மானிக்க வேண்டிய மருத்துவருக்கு, படுக்கையருகிலேயே கிடைக்கும் இக்குறிப்பு சிறந்த துணையாகும்.