ஹைட்ரஜன் சுற்றிவரும் மின் எந்திரம்

1982-ல் அமெரிக்கப் பொறியாளர் லானி ஜான்சன் தம் வீட்டுக் குளியலறையில் ஒரு வெப்பக் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தார். குளிர்சாதனங்களில் ஓடும் ஃபிரியானுக்குப் பதிலாகத் தண்ணீரைப் பயன்படுத்த முடியுமா என்பது அவருடைய கேள்வி. குழாயில் பொருத்திய முனையிலிருந்து நீர் பீறிட்ட வேகம், பொம்மைத் துப்பாக்கி ஒன்றுக்கான யோசனையைக் கொடுத்தது. 'சூப்பர் சோக்கர்' என்ற பெயரில் அது உலகெங்கும் விற்றது. அந்த வருமானத்தில் அட்லாண்டாவில் ஆய்வுக்கூடம் நடத்திய ஜான்சன், பழைய காதலான வெப்பத்தை விட்டுவிடவில்லை. அவர் பெயரையே தாங்கிய 'ஜான்சன் வெப்ப மின்வேதி மாற்றி' அப்படிப் பிறந்தது. ஜேடெக் என்று சுருக்கிச் சொல்வார்கள். 2008-ல் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழ் இதற்கு விருது கொடுத்தது.

இதன் தேவையைப் புரிந்துகொள்ள ஒரு பெட்ரோல் காரைப் பார்த்தால் போதும். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகவே போய்விடுகிறது. சிமென்ட் சூளை, எஃகு உலை, கண்ணாடி ஆலை எல்லாவற்றின் புகைபோக்கியிலும் இதே இழப்புதான். காசு கொடுத்து வாங்கிய எரிபொருள், காற்றைச் சூடாக்கிவிட்டுப் போகிறது.

அந்தச் சூட்டைப் பிடிக்க நீராவிச் சுழலி வைக்கலாமே என்றால், குறைந்த சூட்டுக்கும் சிறிய அளவுக்கும் அது கட்டுப்படியாகாது. குறைக்கடத்தித் துண்டுகளின் ஒரு முனையைச் சூடாக்கி மின்சாரம் எடுக்கும் முறையும் உண்டு. ஜான்சன் பணியாற்றிய கலிலியோ விண்கலம் புளுட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து அப்படித்தான் மின்சாரம் பெற்றது. பல ஆண்டுகள் பழுதில்லாமல் உழைக்கும். ஆனால் கொடுத்த வெப்பத்தில் 7 சதவீதம் அளவே மின்சாரமாகும்.

ஜேடெக் வேறு வழியில் போகிறது. அதன் உயிர் ஒரு மெல்லிய சவ்வு. ஒரு பக்கம் ஹைட்ரஜன் அதிக அழுத்தத்திலும் மறுபக்கம் குறைந்த அழுத்தத்திலும் இருக்கிறது. வாயுவாக அது சவ்வைக் கடக்க முடியாது; புரோட்டானாக மட்டுமே கடக்கலாம். ஆகவே மின்முனையில் தன் எலெக்ட்ரான்களைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே நுழைகிறது. எலெக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியாகச் சுற்றி வந்து மறுபக்கத்தில் சேர, மீண்டும் ஹைட்ரஜன் உருவாகிறது. கம்பியில் ஓடிய அந்த ஓட்டம்தான் மின்சாரம். எதுவும் எரிவதில்லை. அழுத்த வேறுபாடே மின்னழுத்தமாகிறது.

குறைந்த அழுத்தத்துக்கு வந்துவிட்ட வாயுவை மறுபடி அழுத்த வேண்டுமே? அதற்கு இன்னொரு சவ்வு, குளிர்ந்த இடத்தில். அங்கே நாம் மின்சாரம் கொடுத்து ஹைட்ரஜனைத் திரும்ப ஏற்றுகிறோம். கொடுத்ததும் எடுத்ததும் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது, இந்த மின்னழுத்தம் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. குளிர்ந்த சந்தையில் மலிவாக வாங்கி, சூடான சந்தையில் கூடுதல் விலைக்கு விற்பது போன்ற வியாபாரம் இது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். அழுத்தம் 10 மடங்கு வேறுபடுகிறது என்று கொள்வோம். 27 டிகிரி செல்சியஸில் ஏற்றுவதற்கு ஏறத்தாழ 30 மில்லிவோல்ட் செலவு. 327 டிகிரியில் இறங்கும்போது 60 மில்லிவோல்ட் வரவு. லாபம் 30. ஒரு டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டை எட்ட இத்தகைய 50 ஜோடிகளைத் தொடராக இணைக்க வேண்டும். இடையில் ஒரு வெப்பப் பரிமாற்றி, சூடான பக்கத்திலிருந்து திரும்பும் வாயுவின் வெப்பத்தை எதிரே வரும் குளிர்ந்த வாயுவுக்குக் கொடுத்துவிடும். பிஸ்டன் இல்லை, சுழலி இல்லை. உள்ளே அடைத்த ஹைட்ரஜன் செலவாவதும் இல்லை. இந்த அமைப்பின் அழகை நான் வியக்காத நாளில்லை.

மின்வேதி வழியில் வேறு முயற்சிகளும் உண்டு. 2014-ல் ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி ஆய்வாளர்கள் செம்பு சார்ந்த ஒரு மின்கலத்தைச் சூட்டில் ஏற்றி, குளிர்ச்சியில் இறக்கினார்கள். வெப்பநிலை மாறும்போது கலத்தின் மின்னழுத்தமும் மாறுவதால் ஏற்றியதைவிடக் கூடுதலாகத் திரும்பக் கிடைத்தது. 10-க்கும் 60-க்கும் இடைப்பட்ட டிகிரிகளில், வெப்ப மீட்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, 5.7 சதவீதம் எட்டினார்கள். சிறிய எண் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அந்த வெப்பநிலைகளுக்கு இயற்கை விதித்த உச்சவரம்பே 15 சதவீதம்தான்.

ஜேடெக்குக்குத் தடை எங்கே? சவ்வில்தான். எரிபொருள் மின்கலங்களில் வழக்கமாகப் பயன்படும் பாலிமர் சவ்வு ஈரம் இருந்தால்தான் புரோட்டானைக் கடத்தும்; 100 டிகிரியைத் தாண்டினால் உலர்ந்துபோகும். பீங்கான் வகைச் சவ்வுகள் பெருஞ்சூட்டைத் தாங்கும். ஆனால் எளிதில் விரிசல் விடும், மிதமான சூட்டில் மந்தமாகிவிடும். கிடைப்பதே சில பத்து மில்லிவோல்ட் என்னும்போது, சவ்வின் மின்தடை சற்று கூடினாலும் லாபம் முழுவதையும் தின்றுவிடும். ஹைட்ரஜன் கசிந்தாலும் அதே கதி.

ஓடி நிற்கும் கார்களைவிட, இரவும் பகலும் ஒரே சூட்டில் இயங்கும் ஆலைகளுக்கே இந்த எந்திரம் முதலில் பொருந்தும் என்பது என் கணிப்பு. வேதியியலும் பொருளறிவியலும் படிக்கும் மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு தேடும்போது இந்தச் சவ்வை எடுத்துக்கொள்ளுங்கள். 200, 300 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் புரோட்டானை மட்டும் தாராளமாக விடும் சவ்வு ஒன்றுதான் இப்போது தேவைப்படுகிறது.